மெழுகு உருகாத மூட்டு

சிவநாதன் என்னிடம் பதினெட்டு மாதம் வேலை பழகியவன். இப்போது இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறான். போன வருஷம் நீலத் தாளில் ஒரு நீண்ட கடிதம் போட்டிருந்தான். எங்கள் தொழில்காரர் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். உலக யுத்தத்துக்கு முன்னும் பின்னும் மட்டக்களப்பில் கம்பிகளில் மின்சாரம் எவ்வளவு விரயமானது, அதை எப்படிச் சமாளித்தோம் என்று நான் ஒரு கட்டுரை எழுதவேண்டுமாம். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பான்.

அதே கடிதத்தில் தன் வேலையைப் பற்றியும் எழுதியிருந்தான். மீகடத்தி என்று ஒன்று. சில உலோகங்களைத் திரவ ஹீலியத்தில் முக்கி, பனிக்கட்டியே சூடு என்று சொல்லுமளவுக்குக் குளிரவைத்தால், மின்சாரத்துக்கு அவற்றில் தடையே இல்லாமல் போய்விடுமாம். நான் பிறப்பதற்குச் சற்று முன்னே ஒல்லாந்தில் பாதரசத்தைக் குளிரவைத்து இதைக் கண்டுபிடித்தார்களாம். எங்கள் பட்டினமான புளியந்தீவில் கோட்டை வைத்திருந்துவிட்டுப் போன அதே ஒல்லாந்தர்தான். இப்போது அப்படிப்பட்ட கம்பியைச் சுருளாகச் சுற்றிப் பெரிய காந்தங்கள் செய்கிறார்கள். வளையமாக மூடி ஒருதரம் மின்சாரத்தை ஓடவிட்டால் வருஷக்கணக்கில் குறையாமல் தானே சுற்றிக்கொண்டிருக்குமாம். ஒரு காலத்தில் கைவிரல் தடிப்பான கம்பி ஒன்றே ஒரு பட்டினத்துக்கான மின்சாரத்தைக் கொண்டுபோகும், வழியில் ஒன்றும் வீணாகாது என்றும் எழுதியிருந்தான்.

நான் கட்டுரை அனுப்பவில்லை. மூட்டு எப்படிப் போடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி மட்டும் எழுதி அனுப்பினேன். அதற்கு உடனே பதில் வந்தது. ஐயா சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள், எங்கள் தொல்லை முழுவதும் மூட்டில்தான் என்று எழுதியிருந்தான். இரண்டு கம்பிகள் சேருமிடத்தில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இருந்தாலும் தடை வந்துவிடுமாம். தடை வந்தால் சூடு. அந்தக் கொஞ்சச் சூட்டிலேயே கம்பி தன் குணத்தை இழந்து, முழுக் காந்தமும் அணைந்துபோகுமாம். துலக்கிச் சுத்தம் செய்வதே எங்களுக்குப் பாதி வேலை என்று முடித்திருந்தான். கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். அப்போது எழுத முடியாததற்குக் காரணம், நாவற்குடாவில் ஒரு பெண் உயிரோடு இருந்தாள். போன ஆவணியில் அவள் காலமானாள். இனி எழுதலாம்.

நான் தொழில் கற்ற கதை பெரிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பட்டினத்துக்கு மின்விளக்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டுப் போய், முதல் வருஷம் கம்பத்துக்குக் குழி தோண்டினேன். பிறகு ஏணி பிடித்தேன். பிறகு ஏணியில் ஏறினேன். கொழும்பில் ஆறு மாதம் பழக்கினார்கள். அங்கே படித்ததில் பாதியை ரொசைரோ ஓவசியர் முதல் நாளே மறக்கச் சொன்னார்.

ரொசைரோ ஓவசியர் புளியந்தீவுப் பறங்கியர். தகப்பன் தச்சுவேலை செய்தவர். வீட்டில் போர்த்துக்கீசப் பேச்சு, மேலதிகாரிகளிடம் இங்கிலீசு, எங்களிடம் எங்களைப் போலவே தமிழ். ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையின் இடது பையில் எப்போதும் மெழுகுதிரித் துண்டுகள் கிடக்கும். கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகளை அங்கே மணியடிக்கிறவர் சேர்த்து வைத்துக் கொடுப்பார். ஓவசியர் பைக்குள் பூசை நடக்கிறது என்று நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம்.

மெழுகின் வேலை இதுதான். அந்தக் காலத்தில் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் மின்சார எஞ்சினை ஓட்டுவார்கள். பகலில் கம்பி செத்துக் கிடக்கும்போது நாங்கள் மூட்டுப் போடுவோம். விளக்குகள் எரியத் தொடங்கி அரைமணி கழிந்ததும் ஓவசியர் நீளமான உலர்ந்த மூங்கில் ஒன்றோடு வருவார். அதன் நுனியைப் பிளந்து ஒரு மெழுகுதிரித் துண்டைச் சொருகியிருப்பார். அன்றைக்குப் போட்ட ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே நின்று, மெழுகை அதில் முட்டவைத்து இருபது எண்ணுவார். இறக்கி, பெருவிரலால் தடவிப் பார்ப்பார். மெழுகின் விளிம்பு கூராகவே இருந்தால் மூட்டுப் புத்தகத்தில் கம்பத்தின் இலக்கத்தை எழுதிக் கையெழுத்து வைப்பார். விளிம்பு மழுங்கியிருந்தால் மூட்டில் சூடு இருக்கிறது, சூடு இருந்தால் உள்ளே தடை இருக்கிறது. அப்போதும் ஏசமாட்டார். நாளைக்கு வெட்டிப்போடு என்பார், அவ்வளவுதான். என் முதல் மூட்டை மூன்று தரம் வெட்டவைத்தார். மூன்றாந்தரம் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றபோது, கம்பி களவெடுப்பது கொஞ்சம், மூட்டுத்தான் கூடக் களவெடுக்கும் என்று மட்டும் சொன்னார்.

ஒருமுறை கடைத்தெருக் கோடியில் விளக்குகள் பூசணிப்பூ நிறத்தில் மங்கிக் கிடந்தன. எஞ்சின் கிழடாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். ஓவசியர் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு கம்பம் கம்பமாய் நடந்தார். பதினோராவது கம்பத்தில் மெழுகு ஒழுகிற்று. மூட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், அது அவரே போட்ட மூட்டு. அடுத்த நாள் தானே ஏறி வெட்டினார். புத்தகத்தில் அந்த இலக்கத்துக்கு நேரே, பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். மேலதிகாரி யாரும் அந்தப் புத்தகத்தைத் திறப்பதில்லை. எழுதாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. எனக்கு அப்போது அது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

பிறகு இரண்டாவது உலக யுத்தம் வந்தது. நாவற்குடாவுக்கு அப்பால் ஒரு படைமுகாம் போட்டார்கள். பாலத்தைக் கடந்து வாவிக் கரையோரமாக அதற்குக் கம்பி இழுக்கச் சொன்னார்கள். சாமான் ஒன்றும் கிடையாது. எங்கேயோ அவிழ்த்த பழைய செம்புக் கம்பியை அனுப்பினார்கள், கறுத்துப் பாசி பிடித்தது போல இருந்தது. மூட்டைப் பற்றவைக்க ஈயமும் இல்லை. கம்பிகளை ஒன்றோடொன்று படுக்கவைத்து, மெல்லிய கம்பியால் நெருக்கிச் சுற்றிக் கட்டவேண்டியதுதான். அதனால் சேரும் இடம் துப்புரவாக இருக்கவேண்டும் என்பதில் ஓவசியர் முன்னிலும் கடுமையாக இருந்தார். கம்பி துலக்குகிற எமரிக் கடதாசியைப் பூட்டி வைத்து, மூட்டுக்குக் கால் தாள் என்று காலையில் எண்ணித் தருவார். போதாவிட்டால் வந்து கேள், வேறொன்றாலும் சுரண்டாதே என்பது கட்டளை.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி எனக்கு மூன்று மூட்டு. முதல் இரண்டிலும் கறுப்பு விட்டால்தானே. மூன்று கால் தாளும் அங்கேயே தேய்ந்து முடிந்தன. மூன்றாவது கம்பம் சாமித்தம்பி என்ற மீன்பிடிகாரரின் வளவு வேலியோரம் நின்றது. புளியந்தீவுக்குச் சைக்கிளில் போய்த் தாள் வாங்கி வர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், அதுவும் எதிர்க்காற்று. எனக்குப் பொங்கல் சாமான் வாங்க நேரத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும். கம்பத்தடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சாமித்தம்பியின் பெண்சாதி தெய்வானை கிணற்றடியில் பொங்கலுக்குப் பித்தளைச் செம்புகளை விளக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். விளக்கி முடித்தவை வெயிலில் பளபளவென்று காய்ந்தன.

செம்புக் கறுப்புப் போக என்ன போடவேண்டும் என்று நான் வேலிக்கு மேலால் கேட்டேன். அவள் ஒரு பூவரசம் இலையில் பழப்புளியும் உப்பும் வைத்து நீட்டினாள்.

"புளியும் உப்பும் போட்டா எந்தக் கறுப்பும் போயிரும் தம்பி. நல்லா உரஞ்சுங்க."

உரஞ்சினேன். கறுப்பு அப்படியே வழிந்து இறங்கிற்று. என் வாழ்நாளில் அவ்வளவு சிவந்த செம்பை நான் கண்டதில்லை. ஈரத் துணியால் துடைத்துக் கட்டி முடித்தேன். அன்று பொழுதுபட ஓவசியர் வந்து மெழுகைக் காட்டினார். முகாம் அப்போது பாதிதான் எழும்பியிருந்தது. பத்துப் பன்னிரண்டு விளக்குத்தான் அந்தக் கம்பியில். மெழுகின் விளிம்பு கூராகவே இருந்தது. அவர் அண்ணாந்து பார்த்து, நல்ல வேலை என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே பாராட்டு அது. எமரி போதுமாக இருந்ததா என்று கேட்டார். ஓம் ஐயா என்றேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அறிந்த ஒரு விஷயம் உண்டு. புளி போட்டு விளக்கிய செம்பை நாலு தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் அடுத்த நாளே பச்சை பிடிக்கும். நானும் அறிவேன். ஆனால் கிணற்றடியில் அறிந்ததைக் கம்பத்தில் யோசிக்கவில்லை. கழுவ முடியாத இடுக்குக்குள் புளியையும் உப்பையும் வைத்துக் கட்டிவிட்டு, பொங்கல் சாமான் வாங்கப் போனேன்.

அந்த ஐப்பசியில் மழை வழமைக்கு முந்தித் தொடங்கியது. முகாமில் அதற்குள் தண்ணீர்ப் பம்பும் வேலைத்தலமும் வந்து, கம்பியில் பாரம் பல மடங்காகியிருந்தது. ஒரு நாள் எஞ்சினை ஓட்டிச் சற்று நேரத்தில், அக்கரை விளக்குகள் அணைந்துவிட்டன என்று ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். அந்தக் கம்பிக்கு மின்சாரம் விடுகிற ஆளியை இறக்கிவிட்டு நான் ஓடினேன். வழியெல்லாம் தூறல். சாமித்தம்பியின் வளவுக்கு முன்னால் சனம் கூடி நின்றது. கம்பி மூட்டில் அறுந்து முள்ளுக்கம்பி வேலியின் மேல் விழுந்து கிடந்தது. வாவியிலிருந்து நனைந்து வந்த சாமித்தம்பி படலையைத் திறக்க வேலியில் கை வைத்திருக்கிறார். தோளில் போட்ட வலை அப்படியே இருந்தது. நானும் இன்னொருவரும்தான் தூக்கினோம். தெய்வானை அழவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளையும் வீட்டுக்குள்ளே போகச் சொல்லிக்கொண்டே நின்றாள்.

அடுத்த நாள் காலை ஓவசியர் அறுந்த இரண்டு நுனிகளையும் சாமான் அறை வாசல்படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதிரே நின்றேன். கட்டுக்கம்பியைப் பேனாக்கத்தியால் ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினார். உள்ளே செம்பு இருக்கவேண்டிய இடத்தில் பச்சைப் பொடி உதிர்ந்தது. இழைகளுக்கு நடுவே கபில நிறத்தில் ஒரு தும்பு கிடந்தது. புளியின் நரம்பு. அவர் அதைக் கத்தி நுனியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தும்பை மெழுகுதிரித் துண்டுகள் கிடந்த பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள் செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது, போய் நிற்கவும் முடியாது. தெய்வானை என்னைக் கண்டதும் கிட்ட வந்தாள்.

"நீங்க கறுப்புப் போக விளக்கித்தானே கட்டினீங்க தம்பி. எண்ட கண்ணால கண்டனான். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, இது எங்கட தலையெழுத்து."

என்னை ஆறுதல்படுத்தினாள். புருஷனை எரித்து இரண்டு நாள் ஆகவில்லை. அந்த இடத்திலேயே சொல்லிவிடவேண்டும் என்று வாய்வரை வந்தது. விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம், அதுதான் முறை என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மேசை, மூன்று நாற்காலி, எங்கள் மூட்டுப் புத்தகம். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார், கம்பியை விதிப்படி சுத்தம் செய்தாயா என்று. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற ஓவசியர் இங்கிலீசில் பதில் சொல்லிவிட்டார். இவன் நான் சொன்னபடி செய்தான், மெழுகு பிடித்துப் பார்த்தது நான், பாரம் கூடிய பிறகு மழைக்கு முன்னே திரும்பப் பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை, பிழை என்னுடையது என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருபத்தொன்பது வயது, வீட்டில் கைக்குழந்தை என்றெல்லாம் காரணம் அடுக்கலாம். பயம், வேறொன்றுமில்லை.

அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சில நாள் கழித்து அவருடைய வீட்டுக்குப் போனேன். எனக்காகத் தன்னைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, காலில் விழுகிற எண்ணத்தோடுதான் போனேன். முன் விறாந்தையில் இருந்தார். ஐயா, எனக்காக நீங்கள் இப்படிச் செய்திருக்கவேண்டாம் என்று தொடங்கினேன்.

"உனக்காக எண்டு ஆரு சொன்னது?" என்றார்.

அவர் மெதுவாகத்தான் பேசினார், எஞ்சின் அறையில் பேசுகிற அதே குரல்.

"நான் அந்தப் பிள்ளையிட்டப் போனனான். நீ புளி வாங்கினத அவளே சொன்னாள். கம்பி எப்படிப் பளபளத்ததெண்டு பெருமையாச் சொன்னாள். நீ செய்த பிழைய நான் அங்க சொல்லியிருந்தா, புளி எங்கால வந்ததெண்டு கேட்பாங்க. அவளைக் கூப்பிட்டு நிப்பாட்டுவாங்க. புருசன்ட உயிரை எடுத்தது தண்ட கையால குடுத்த புளியெண்டு அறிஞ்சா, அவள் மறுகா எப்படிக் கறிக்குப் புளி கரைப்பாள், மகன்?"

நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அவள் இருக்குமட்டும் நீ வாய் திறக்கப்படாது. சொல்லி ஆறவேணும் போல இருக்கும். ஆறப்படாது."

உள்ளே போய் மெழுகுதிரித் துண்டுகள் இருந்த தகரப் பேணியை எடுத்து வந்து என் கையில் தந்தார். பேணியின் அடியில், மடித்த தாளுக்குள் அந்தத் தும்பு இருந்தது. யுத்தம் முடிவதற்கு முன்னே அவர் காலமானார். அவருடைய இடத்துக்கு என்னை ஓவசியர் ஆக்கினார்கள்.

அதன் பிறகு பல வருஷம் ஓவசியர் வேலை பார்த்தேன். எஞ்சின் மாறிற்று, கம்பங்கள் மாறின, சூட்டை அளக்கக் கருவிகள் வந்தன. நான் மெழுகை விடவில்லை. மழை தொடங்குமுன் பட்டினத்து மூட்டு ஒவ்வொன்றுக்கும் மறுபடியும் மெழுகு காட்டினேன். சிவநாதன் உட்பட என்னிடம் பழக வந்தவர்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் நின்று சிரித்திருப்பார்கள், நியாயம்தான். ஓய்வுபெறும்போது தந்த உபசாரப் பத்திரத்தில், இவருடைய கையால் போட்ட மூட்டு ஒன்றேனும் பிழையாய்ப் போனதில்லை என்று அச்சடித்திருந்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்ட என் மனைவி விரும்பினாள். நான் விடவில்லை.

தெய்வானை பாய் இழைத்தும் நெல்லுக் குற்றியும் இரண்டு பெண்களையும் கரைசேர்த்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பித்தளைச் செம்பில் பொங்கிய புக்கை கொடுத்தனுப்புவாள். அப்பாவைத் தூக்கினது அந்தத் தம்பிதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். செம்பு புளி போட்டு விளக்கி மின்னும். நான் புக்கையைச் சாப்பிடுவேன். ஒரு வாய் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன். செம்பைத் திருப்பிக் கொடுக்குமுன் சாம்பல் போட்டுத்தான் விளக்கவேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவிடுவேன். புளி போட்டால் என்ன என்று அவள் எத்தனையோ தரம் கேட்டாள். ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. போன பொங்கலுக்கு வந்த செம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. எனக்குச் சுகமில்லாமல் கிடந்ததில் திருப்பிக் கொடுக்கத் தவறிவிட்டது. தெய்வானையின் மூத்த மகள் வந்து வாங்கிப் போவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள். அவளும் இந்த மலரைப் படிக்கக்கூடும். ஓவசியர் தந்த தவணை தாயோடு முடிந்துவிட்டது. மகளுக்கு நான் என்ன சொல்லவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. எழுதியதை அவளிடம் முதலில் கொடுத்துவிட்டுத்தான் சிவநாதனுக்கு அனுப்புவேன்.

சிவநாதன், விரயம் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். நான் போட்ட ஒரு மூட்டில் சாமித்தம்பி ஒருவர், ரொசைரோ ஓவசியர் ஒருவர். மற்றக் கணக்கெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மூட்டுப் புத்தகம் எங்கே போனதோ, கறையான் தின்றிருக்கும். அதில் அன்றைக்கு எழுதியிருக்கவேண்டியதை இங்கே எழுதுகிறேன். நாவற்குடா வரிசை, சாமித்தம்பி வளவு வேலிக் கம்பம். மெழுகு உருகவில்லை. பிழை என்னுடையது.